காசு வாங்கிட்டு ரீல் போடறீங்களா, அத எங்க எப்படி சொல்லணும்னு பாத்துக்கோங்க

ஃபுட் ரிவ்யூ பேஜ் கொஞ்சம் வளந்ததும் இன்ஸ்டா டிஎம்ல, அதான் இன்பாக்ஸ்ல, மெசேஜ் வர ஆரம்பிச்சிரும், "ப்ரோ புது பிரியாணி கடை, ஞாயித்துக்கெழம ஓப்பனிங், ஒரு ரீலுக்கு என்ன சார்ஜ் பண்றீங்க"ன்னு. வாங்குங்க, அதுல ஒண்ணும் தப்பில்ல, பெட்ரோல் போட்டு அலையறோம், ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் எடிட் பண்றோம், சும்மா எதுக்கு பண்ணணும். ஆனா வாங்கினத மறைச்சிட்டு "மக்களே தற்செயலா இந்தப் பக்கம் வந்தேன்"னு ஆரம்பிக்கிறாங்க பாருங்க, அதான் சிக்கல்.

மொதல்ல, எதெல்லாம் சொல்லணும்? 2023 ஜனவரில மத்திய அரசோட நுகர்வோர் விவகாரத் துறை இன்ஃப்ளூயன்சர்களுக்குன்னே ஒரு கைடுலைன் விட்டாங்க. அதுப்படி பணம் மட்டும் கணக்கு இல்ல. ஓசில சாப்பாடு, ஹோட்டல் ரூம், ட்ரிப், கிஃப்ட், டிஸ்கவுண்ட், அந்த கம்பெனில வேல பாக்குறது, ஏன், ஓனர் சொந்தக்காரரா இருக்கிறது கூட சொல்லித்தான் ஆகணும். "எங்க மச்சான் கடைங்க, அவன்கிட்ட போய் காசு வாங்குவேனா"ன்னு கேப்பாங்க, மச்சான்ங்கிறதுதாங்க சொல்ல வேண்டிய விஷயமே. நான் கேக்கல, அவங்களா பார்சல் அனுப்பிட்டாங்கன்னாலும் அதே கதைதான்.

கடைக்கு கெளம்பறதுக்கு முன்னாடியே இத பேசி முடிச்சிருங்க, சாப்பிட்டு கை கழுவின அப்புறம் பேசினா வாய் வராது. வாட்ஸ்அப்ல இப்படி ஒரு மெசேஜ் போதும்: "அண்ணா, வீடியோ ஆரம்பத்துலயே பெய்டு புரமோஷன்னு போடுவேன். ஸ்கிரிப்ட் நீங்க குடுக்க வேணாம், வெல, டைமிங், லொகேஷன் மட்டும் அனுப்புங்க. நல்லா இல்லாதத நல்லா இருக்குன்னு சொல்ல மாட்டேன், புடிக்கலன்னா அட்வான்ஸ திருப்பி குடுத்துட்டு வீடியோ போடாம விட்டுடறேன்." இதுக்கு "பெய்டுன்னு போட்டா வியூஸ் போயிடும் தம்பி"ன்னு இழுக்கிற கடைய அப்பவே விட்டுருங்க, நாளைக்கு கஸ்டமர் ஏதாவது கேட்டா உங்கள மாட்டி விடுற ஆள்தான் அவரு.

அடுத்து எங்க போடணும். விளம்பரத் துறையோட சுயகட்டுப்பாட்டு அமைப்பான ஆஸ்கி 2021லயே கணக்கு சொல்லியிருக்கு: 15 செகண்டுக்குள்ள இருக்கிற வீடியோன்னா விளம்பரம்ங்கிற லேபிள் கொறஞ்சது 3 செகண்ட் நிக்கணும், 15 செகண்ட்ல இருந்து 2 நிமிஷம் வரைக்கும்னா மொத்த நீளத்துல மூணுல ஒரு பங்கு நேரம், அதுக்கும் மேலன்னா அந்த பிராண்ட பத்தி பேசற பகுதி முழுக்க. அதாவது 60 செகண்ட் ரீல்ல 20 செகண்டாவது தெரியணும். வீடியோல எழுத்து மட்டும் போதாது, வாயாலயும் சொல்லணும்னு அரசு கைடுலைன் கேக்குது, அதுவும் நீங்க பேசற பாஷையிலயே. பிரியாணிய பத்தி முழுசா தமிழ்ல பேசிட்டு லேபிள மட்டும் இங்கிலீஷ்ல பொடி எழுத்துல மூலைல வெக்கிறது எதுக்குன்னு எல்லாருக்கும் தெரியும்.

நம்ம ஊர் ஸ்டைல் இன்னொண்ணு இருக்கு, கேப்ஷன்ல #சென்னைஃபுட் #பிரியாணிலவ்வர் #வேறலெவல்னு இருபத்தஞ்சு ஹேஷ்டேக் போட்டு அதுக்கு நடுவுல #கொலாப்னு, அதாவது கடையோட சேந்து பண்ணதுன்னு, ஒண்ண சொருகறது. "மோர்" அழுத்தினாத்தான் கண்ணுலயே படும். இது செல்லாது, ஹேஷ்டேக் கூட்டத்துல கலக்கக்கூடாதுன்னு ரூல்லயே இருக்கு. "நன்றி அண்ணா, அன்புக்கு"ன்னு எழுதறதும் செல்லாது. மொத வரியிலயே "பெய்டு புரமோஷன். இந்தக் கடைல பணம் வாங்கிட்டுத்தான் இந்த வீடியோ, சாப்பாடும் ஃப்ரீ" அவ்ளோதான், சுத்தி வளைக்காதீங்க.

ஃப்ரீ ப்ளேட்டுல ஒரு விஷயம் இருக்கு. கேமராவ பாத்ததும் பீஸ் நாலு விழும், முட்ட ரெண்டு வரும், முதலாளியே வந்து தால்ச்சா ஊத்துவாரு. அத காட்டி "190 ரூபாய்க்கு இவ்ளோ"ன்னு சொன்னா அது பொய்தான், நீங்க வேணும்னு சொல்லலன்னாலும். வேற ஒரு நாள் ஃப்ரெண்டு யாரையாவது அனுப்பி காசு குடுத்து ஒரு பார்சல் வாங்கி பிரிச்சு பாருங்க, அந்த அளவ வீடியோல காட்டுங்க.

சாப்பாடாவது பரவால்ல, ஸ்கின் கிரீம் புரமோஷன் வந்தா ரொம்ப கவனமா இருங்க. 2023ல கேரளாவுல மலப்புரம் பக்கம் செவப்பழகு கிரீம் பூசினவங்களுக்கு கிட்னி பாதிப்புன்னு டாக்டருங்க கண்டுபிடிச்சு, காரணம் அதுல இருந்த பாதரசம்னு நியூஸ் வந்துச்சு. டப்பால தயாரிப்பு லைசென்ஸ் நம்பர், பேட்ச் நம்பர், கம்பெனி அட்ரஸ் இல்லன்னா தொடவே தொடாதீங்க. சாப்பாட்டு கடைன்னா எஃப்எஸ்எஸ்ஏஐ, அதான் உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி தப்பான விளம்பரத்துல நடிக்கிறவங்களுக்கு 10 லட்சம் வரைக்கும் அபராதம், திரும்பவும் பண்ணா 50 லட்சம் வரைக்கும், அதோட ஒரு வருஷம் எந்த விளம்பரமும் பண்ணக்கூடாதுன்னு தடை போடலாம், மறுபடி மாட்டினா அது மூணு வருஷம். நான் ஒழுங்கா விசாரிச்சுட்டுத்தான் பண்ணேன்னு காட்ட முடிஞ்சா அந்த அபராதத்துல இருந்து தப்பிக்கலாம்னும் அதே சட்டத்துல இருக்கு, அதுக்குத்தான் இந்த போட்டோ, வாட்ஸ்அப் சாட் எல்லாம். பெட்டிங் ஆப், காசு கட்டி ஆடற கேம் எவ்ளோ குடுத்தாலும் வேணாம், 2025ல வந்த சட்டப்படி அத விளம்பரம் பண்றதே குற்றம்.

கடைக்காரங்களுக்கும் ஒண்ணு. "கூகுள்ல அஞ்சு ஸ்டார் போட்டு காட்டினா ஐஸ்கிரீம் ஃப்ரீ"ன்னு டேபிள்ல ஸ்டாண்ட் வெக்காதீங்க, எதாச்சும் குடுத்து ரிவ்யூ வாங்கறது கூகுள் ரூல்லயே கெடையாது, மாட்டினா ரிவ்யூவ தூக்கிருவாங்க. "உங்களுக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே எழுதுங்க"ன்னு க்யூஆர் கோடு வெக்கறதுல தப்பில்ல. அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல வேலக்காரப் பையன விட்டு "இந்த கேட்டரிங் சூப்பர், நாங்க ரெகுலரா வாங்கறோம்"னு போட சொல்றதும் இதே கேஸ்தான், "நான் அந்தக் கடைலதான் வேல பாக்கறேன், மெனு இது"ன்னு போட சொல்லுங்க, பசிக்கிறவங்க ஆர்டர் பண்ணத்தான் போறாங்க.

யாராச்சும் கமெண்ட்ல "பெய்டா ப்ரோ?"ன்னு கேட்டா டெலீட் பண்ணாம "ஆமா ப்ரோ, மொத வரியிலயே போட்டிருக்கேன்"னு பதில் போடுங்க. பழைய ரீல்ஸ்லயும் ஒரு தடவ போய் கேப்ஷன மாத்திருங்க, வீடியோவுக்குள்ள இருக்கறத மாத்த முடியாது, மொத வரிய மாத்தலாம்.