தர்மபுரி கிருஷ்ணகிரி பக்கத்துல இருந்து காமெடி நடிகை ஆகணுமா, இங்கருந்தே ஆரம்பிங்க

காமெடி ஆக்ட்ரஸ் ஆகணும்னு ஆசப்படற தங்கச்சிங்க நம்ம பக்கம் நிறைய பேரு இருக்காங்க, ஆனா மொத வேலையா போட்டோஷூட்டுக்கு காச கொண்டுபோய் கொட்டிடறாங்க. அது அப்பறம் பாத்துக்கலாம், மொதல்ல மனுசங்க பேசறத கவனிங்க.

ஞாயித்துக்கிழம போச்சம்பள்ளி சந்தைக்கு போய் கோழி விக்கற அக்கா பக்கத்துல கொஞ்ச நேரம் நில்லுங்க. அடிமாட்டு வெலைக்கு ஒருத்தரு கேட்டார்னா அந்தக்கா உடனே பதில் சொல்லாது, கோழிய ஒரு பார்வ, அவர ஒரு பார்வ, அப்பறம் பக்கத்து கடக்காரம்மாவ திரும்பி பாத்து "கேட்டியாடி இத"ன்னு மட்டும் சொல்லும், சுத்தி நிக்கறவங்க குபீர்னு சிரிச்சிடுவாங்க. அந்த பார்வைக்கும் பேச்சுக்கும் நடுவுல விடற கேப்புதான் டைமிங். வீட்ல அதையே செஞ்சு போன்ல எடுத்து மியூட்ல போட்டு பாருங்க, சத்தமே இல்லாம சிரிப்பு வந்துச்சுன்னா ரியாக்‌ஷன் புடிபட்டுருச்சு.

திரௌபதி அம்மன் கோயில்ல பாரதக் கூத்து வெச்சா விடிய விடிய உக்காந்து, கோமாளியா வந்து கதைய நடத்திட்டு போற கட்டியங்காரன மட்டும் பாருங்க. ராசாகிட்டயே எடக்கா கேள்வி கேட்டுட்டு, சனம் சிரிச்சு அடங்கற வரைக்கும் அடுத்த வார்த்தைய எடுக்கமாட்டாரு. இத எந்த கிளாஸ்லயும் இவ்ளோ நல்லா சொல்லித்தர முடியாதுங்கறது என் கருத்து.

ஊர் பேச்ச தயவுசெஞ்சு மாத்திக்காதீங்க. 1995-ல வந்த சதிலீலாவதில கோவை சரளா படம் பூரா கொங்கு பேச்சுதான் பேசினாங்க, இன்னிக்கும் அத சொல்லி சொல்லி சிரிக்கறோம். பொதுத் தமிழும் சுத்தமா பேச வரணும், ரெண்டும் இருந்தா ரோல் ஜாஸ்தி. ஓசூர் பக்கம் தெலுங்கு கன்னடம் தெரிஞ்ச பொண்ணுங்க அத ஆடிஷனுக்கு அனுப்பற வீடியோல கண்டிப்பா சொல்லுங்க.

அழவும் பழகுங்க. நாடக மேடையில இருந்து வந்து 1958-ல மாலையிட்ட மங்கைல அறிமுகமான மனோரமா ஆச்சி, 1968-ல தில்லானா மோகனாம்பாள்ல ஜில் ஜில் ரமாமணியா கலக்கினவங்க, தேசிய விருது வாங்கினது புதிய பாதைல குணச்சித்திர வேஷத்துக்கு. காமெடிலயே நின்னுடாம அம்மா அத்தைன்னு கடைசி வரைக்கும் அவங்களுக்கு வேலை இருந்துச்சுன்னா அதுதான் காரணம்.

சீரியல்ல டயலாக் பேப்பர் பெரும்பாலும் ஸ்பாட்லதான் கைக்கு வரும், பக்கத்துல ஒருத்தர் ப்ராம்ப்ட் பண்ணுவாரு, அவரு சொல்றத காதுல வாங்கிட்டே மூஞ்சில அது தெரியாம பேசணும். சினிமால அப்பறமா டப்பிங் பேசணும், எதிர்ல ஆளே இல்லாம அதே சிரிப்ப மைக் முன்னாடி மறுபடியும் கொண்டாரணும். ரெண்டுக்கும் ஃபிரெண்ட வெச்சு வீட்லயே பிராக்டிஸ் பண்ணலாம்.

ஆடிஷன் வீடியோ சின்னதா போதும், ஜன்னல் வெளிச்சத்துல, ஃபில்டர் இல்லாம, ஒன்னுக்கொன்னு சம்பந்தமே இல்லாத ரெண்டு கேரக்டர். சென்னை போனா மொரப்பூர்ல ரயில் புடிச்சு வீட்டாள் ஒருத்தரோட போங்க, ஆபீஸ்ல மட்டும் பாருங்க, ரூமுக்கு வாங்கன்னா திரும்பி வந்துடுங்க. சான்ஸ் வாங்கித்தரேன் பணம் கட்டுன்னு சொல்றவங்களுக்கு பத்து பைசா குடுக்காதீங்க, நடிச்சா அவங்கதான் நமக்கு சம்பளம் குடுக்கணும்.

இன்னொன்னு, பொண்ணுங்களுக்கு எழுதற காமெடில குண்டு கருப்புன்னு ஒடம்ப வெச்சு கிண்டல் பண்றது இன்னும் நிறைய வருது. சீன் சொல்றப்பவே "இதுல நான் சிரிக்க வெக்கறனா, என்ன பாத்து சிரிக்கறாங்களா"ன்னு நேரா கேட்டுடுங்க, ரெண்டாவதுன்னா "சார் இந்த எடத்துல நான் பதிலடியா ஒரு கவுண்டர் டயலாக் குடுத்தா எப்டி இருக்கும்"னு அங்கயே பேசி நடிச்சு காட்டுங்க, நல்ல டைரக்டரா இருந்தா வெச்சுக்குவாரு.