காத்துச் சுரங்கத்தில பழகினா ஸ்கைடைவிங் கை வரும்

கொழும்பில இருந்து சிங்கப்பூர் போறாக்கள் சென்டோசால இருக்கிற ஐஃப்ளை எண்ட காத்துச் சுரங்கத்தில (கீழ இருந்து மேல வீசுற பலத்த காத்தில மிதந்து பறக்கிற டனல்) கட்டாயம் பழகிப் பாருங்கோ. ஸ்கைடைவிங்ல விமானத்தில 13,000 அடியில இருந்து குதிச்சாலும் பரசூட் விரிக்க முதல் பறக்க ஒரு நிமிசம் அளவுதான் கிடைக்கும், டனல்ல 10 நிமிசம் பறந்தா கிட்டத்தட்ட 10 தரம் குதிச்ச பழக்கம்.

முதல்ல இடுப்பை முன்னுக்குத் தள்ளி, நாடியைத் தூக்கி, உடம்பைத் தளர விடுங்கோ, காலிமுகத்திடல்ல பட்டம் விட்டவைக்குத் தெரியும் காத்தோட மல்லுக்கட்ட ஏலாது எண்டு. சத்தத்தில கதைக்க ஏலாது, சைகைதான்: பயிற்சியாளர் ரெண்டு விரலை நீட்டினா காலை நீட்டோணும், மடக்கினா முழங்காலை மடக்கோணும். காலை நீட்டினா முன்னுக்குப் போவீங்கள், அதைக் கொஞ்சங் கொஞ்சமாச் செய்யுங்கோ. ரெண்டு நிமிசம் பறந்து, வெளியில வந்து வீடியோவைப் பாத்திட்டு, திரும்ப உள்ள போங்கோ. ஆனா உயரமானி பாக்கிறதும் பரசூட் ஓட்டுறதும் அங்க வராது, அது வானத்திலதான்.