ஆபீஸ் மாறும் லேபர் வக்கீல்கள் சறுக்கும் இடங்கள்

பத்துப் பதினைந்து வருடம் தொழிலாளர் வழக்கு நடத்திய ஒருவர் வேறு சட்ட நிறுவனத்தில் சேரும்போது சட்டத்தில் தடுமாற மாட்டார். கையிலிருக்கும் கேஸ்களை என்ன செய்வது என்பதில்தான் தடுமாறுவார். "என் கட்சிக்காரர், என் கேஸ்" என்று சொல்லியே பழகிவிட்டோம். உண்மையில் கேஸ் கட்சிக்காரருடையது. அவர் பழைய ஆபீஸிலேயே இருந்துகொள்ளலாம், உங்களோடு வரலாம், இரண்டு பேரும் வேண்டாமென்று மூன்றாவது ஆளிடம் போகலாம். நம் ஊரில் நடக்கும் தவறுகளில் பாதி இதை மறப்பதால் வருவதுதான்.

முதலில் வக்காலத்து, அதாவது தனக்காக ஆஜராகக் கட்சிக்காரர் கையெழுத்திட்டுத் தரும் அதிகாரப் பத்திரம். அதில் ஒருவர் பெயர் மட்டும் இருப்பது அபூர்வம். ஆபீஸில் உள்ள நாலைந்து பேர் பெயரையும் சேர்த்தே போடுவார்கள். சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்ததோடு எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறோம். கோர்ட் பதிவில் பெயர் அப்படியே கிடக்கும். ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். நிர்வாகத்துக்குப் பழைய ஆபீஸ் ஆஜராகிறது, யூனியனுக்குப் புதிய ஆபீஸ். அங்கே வக்காலத்தில் உங்கள் பெயர், இங்கே லெட்டர்ஹெட்டில் உங்கள் பெயர். ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்னவரோ மனு எழுதிக் கொடுத்தவரோ அதே விவகாரத்தில் எதிர்த்தரப்புக்கு ஆஜராகக் கூடாது என்கிறது இந்திய பார் கவுன்சில் விதி 33. நீங்கள் அந்தக் கேஸ் பக்கமே போகாவிட்டாலும், எதிர்த்தரப்பு இதைக் கையில் எடுக்காமல் விடாது.

அதனால் சேருவதற்கு முன்பே ஒரு பட்டியல் கொடுத்துவிடுங்கள்: கட்சிக்காரர் பெயர், எதிர்த்தரப்பு, கோர்ட், வழக்கு எண். அவ்வளவு போதும். நிர்வாகம் எதுவரை இறங்கி வரத் தயார் என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் வரவே கூடாது. மோதும் கேஸ்களைப் புதிய ஆபீஸ் உங்கள் கண்ணில் காட்டக் கூடாது, அதை எழுத்திலும் வைத்துக்கொள்வது நல்லது. பழைய வக்காலத்திலிருந்து விலகுவதாக இருந்தால் கட்சிக்காரருக்கு முறையாக முன்கூட்டியே சொல்லிவிட்டு, கோர்ட்டில் மெமோ போட்டுப் பெயரை எடுங்கள். விதி 12 இதைத்தான் கேட்கிறது. வாங்கிய ஃபீஸில் வேலை பார்க்காத பகுதியைத் திருப்பித் தரவும் சொல்கிறது.

கட்சிக்காரர் உங்களோடு வருகிறார் என்றால், பழைய ஆபீஸின் சம்மதம் வேண்டும். வக்காலத்தின் ஓரத்தில் "நோ அப்ஜெக்ஷன்" என்று எழுதி வாங்கும் அந்தக் கையெழுத்துதான். தர மறுத்தால் காரணத்தைச் சொல்லி கோர்ட் அனுமதி வாங்கலாம். விதி 39-இல் அதற்கு வழி இருக்கிறது. ஃபீஸ் பாக்கி என்று கேஸ் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. ஃபீஸுக்காக ஃபைலைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000-லேயே சொல்லிவிட்டது. பாக்கிக்கு வழக்குப் போட்டுக்கொள்ளலாம், கட்டைக் கொடுத்துவிட வேண்டும்.

லேபர் வக்கீல்களுக்கே உரிய ஒரு வில்லங்கம் உள்விசாரணை, அதாவது தொழிலாளி மீதான குற்றச்சாட்டைக் கம்பெனிக்குள்ளேயே விசாரிப்பது. நிர்வாகத்தரப்பு வக்கீல்கள் பலர் விசாரணை அதிகாரியாகவும் உட்கார்ந்திருப்பார்கள். சாட்சி, குறுக்கு விசாரணை, கடைசியில் அறிக்கை எல்லாம் அவர் கையெழுத்தில் இருக்கும். பணிநீக்கம் லேபர் கோர்ட்டுக்கோ தீர்ப்பாயத்துக்கோ போனால் முதலில் எழும் கேள்வி, விசாரணை நியாயமாக நடந்ததா என்பது. அப்போது விசாரணை அதிகாரியே கூண்டேற வேண்டிவரும். சாட்சியாக வரக்கூடிய கேஸில் வக்கீலாக ஆஜராகாதே என்கிறது விதி 13. நாம் ஆஜரான கேஸ் எல்லாம் டைரியில் இருக்கும்; ஒரு மதியம் தொழிற்சாலை மீட்டிங் ஹாலில் உட்கார்ந்து நடத்திய விசாரணை இருக்காது. மோதல் பட்டியலில் விட்டுப்போவது இவைதான். நடவடிக்கைக் குறிப்புகளின் ஒரிஜினல் உங்கள் பீரோவில் இருந்தால், கிளம்புவதற்கு முன் கம்பெனியிடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

அப்புறம் பென் டிரைவ். டிராஃப்ட்டுகளை அள்ளிக்கொண்டு வர எல்லோருக்கும் கை அரிக்கும். தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன், பழைய தொழில் தகராறுகள் சட்டத்தின் 12(3) பிரிவில் கையெழுத்தான ஒப்பந்தம் யூனியனிடமும் இருக்கும், தொழிலாளர் துறையிலும் இருக்கும். அதில் ரகசியம் இல்லை. ஆனால் அதற்கு முந்தின ஏழெட்டு டிராஃப்ட்டுகள்? எந்த வருடத்துக்கு எவ்வளவு உயர்வு, எதை விட்டுக்கொடுத்தார்கள், ஓரத்தில் ஹெச்.ஆர். எழுதிய குறிப்பு என்று எல்லாம் அதில்தான் இருக்கிறது. கட்சிக்காரர் நம்பிச் சொன்னதை வெளியிடக் கூடாது என்பது சாட்சியச் சட்டத்தின் 126-வது பிரிவாக இருந்தது, இப்போது பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 132. வேலை முடிந்த பிறகும் அந்தக் கட்டுப்பாடு தொடரும். கவுன்ட்டர் (பதில் மனு) எழுதும் கை உங்களுடையது, மாடல் இல்லாமலும் அது எழுதும்.

அனுபவமே காலை வாரும் இடமும் ஒன்று இருக்கிறது. புதிய இடத்தில் முதல் வாரமே யாராவது வந்து, "சார், டிஸ்மிஸ் ஆகி இரண்டரை வருஷம் ஆச்சு" என்பார்கள். தொழில் தகராறுகள் சட்டத்தின் 2010 திருத்தத்திலிருந்து பழகிய வாய், "மூணு வருஷம் டைம் இருக்கு" என்று சொல்லிவிடும். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு அமலில் இருக்கிறது. அதன்படி தகராறு எழுந்து இரண்டு வருடம் தாண்டினால் சமரச அலுவலர் எடுக்க முடியாது. அவர் அறிக்கை கைக்கு வந்த பிறகு தீர்ப்பாயத்துக்குப் போக 90 நாள்தான். பழைய சட்டக் காலத்துத் தகராறா, புதிய காலத்ததா என்று தேதி பார்க்காமல் வாயைத் திறக்காதீர்கள்.

ஊரார் ஒப்பந்தத்தையெல்லாம் பிரித்து மேய்பவர்கள் ஆபீஸோடு தாங்கள் போடும் ரீடெய்னர் ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவதையும் பார்க்கலாம். "விலகிய பிறகு போட்டியாகத் தொழில் செய்யக் கூடாது" என்ற ஷரத்து ஒப்பந்தச் சட்டம் 27-வது பிரிவின்படி செல்லாது, சரி. ஆனால் வேலையில் இருக்கும் காலத்துக்கான பாண்டு வேறு கதை. மூன்று வருடத்துக்குள் விலகினால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்ற விஜயா வங்கியின் பாண்டை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது.

புதிய ஆபீஸில் சேர்ந்ததை வாட்ஸ்அப்பில் சொல்லலாமா? தெரிந்தவர்களுக்குச் சொல்வதில் தப்பில்லை. பழைய ஆபீஸின் கம்பெனி லிஸ்ட்டை எடுத்து, "எல்லா லேபர் மேட்டருக்கும் அணுகவும்" என்று அனுப்பினால் அது விதி 36 தடுக்கும் ஆள் பிடிக்கும் வேலை. வக்கீல்களை விளம்பரப்படுத்தும் இணையதளங்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2024 ஜூலையில் பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டதே நம் சென்னை உயர் நீதிமன்றம்தான்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். இ-ஃபைலிங்கில் எந்த மெயில், எந்த மொபைல் கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். பழைய ஆபீஸ் மெயிலாக இருந்தால் முதல் நாளே மாற்றுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் இங்கே டீ குடித்துக்கொண்டிருக்கும்போது உங்கள் வாய்தா தகவல் அங்கே யாரும் திறக்காத இன்பாக்ஸில் போய் விழும், எக்ஸ் பார்ட்டி அவார்டு, அதாவது நீங்கள் ஆஜராகாமலேயே தீர்ப்பு, வந்த பிறகுதான் தெரியும். பழைய குமாஸ்தாவிடமும் அடுத்த இரண்டு மாத வாய்தாக்களை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் டைரியில் விட்டுப்போன ஒரு தேதியாவது அவர் நோட்டில் இருக்கும்.