சூடான எஞ்சின் மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லையா? ஆறுவதற்குள் பார்க்க வேண்டியவை

காலையில் முதல் சாவியிலேயே கிளம்பிய கார், ஓடி முடித்து நிறுத்திய கால் மணி நேரத்தில் மக்கர் பண்ணும். மெக்கானிக் வந்து சேர்வதற்குள் எஞ்சின் ஆறிவிடும். அவர் சாவியைத் திருப்பினால் சமர்த்தாக ஸ்டார்ட் ஆகி நம்மைப் பொய்யராக்கும். சூடு இருக்கும்வரைதான் கோளாறும் இருக்கும். ஆகவே கீழே சொல்வதையெல்லாம் வண்டி அடம்பிடிக்கும் அந்த நேரத்திலேயே பார்த்துவிட வேண்டும்.

ஓடும்போது ஒழுங்காக இருந்தது, நின்றதும் ஏன் கெடுகிறது? எஞ்சினை நிறுத்தியதும் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ஓட்டமும் எதிர்க்காற்றும் நின்றுபோகின்றன. எஞ்சினில் தங்கிய சூடு போனட்டுக்குள்ளேயே பரவுகிறது. அடுத்த பத்து, இருபது நிமிடங்களில் அங்குள்ள சென்சாரும் வயரும் ஓட்டத்தில் இருந்ததைவிட அதிகமாகச் சுடும்.

ஆரம்பிக்கும் முன்: டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போயிருந்தால் அது வேறு வியாதி. ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள், ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். முள் சாதாரணமாக இருந்தால் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்துவிட்டுத் தொடருங்கள்.

படி 1: காதைக் கொடுங்கள்

சாவியைத் திருப்பும்போது செல்ஃப் (எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார்) சுற்றுகிறதா? சுற்றவே இல்லை, ‘டக்’ என்று மட்டும் கேட்கிறது, இழுத்து இழுத்துச் சுற்றுகிறது என்றால் படி 2. நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் நேராகப் படி 3. இதைப் பிரித்துப் பார்க்காமல் பெட்ரோல் பம்ப்பை மாற்றுவது பணத்துக்குப் பிடித்த கேடு.

படி 2: செல்ஃப் சுற்றாவிட்டால்

ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் அப்படியே செத்துப்போனால் பேட்டரியையோ டெர்மினலையோ சந்தேகப்படலாம். வெளிச்சம் குறையாமல் ‘டக்’ மட்டும் வந்தால் சொலினாய்டு (செல்ஃப்புக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்) அல்லது செல்ஃப் மோட்டார் மேல் சந்தேகம்.

மல்டிமீட்டர் இருந்தால் டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். நல்ல பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் அளவில் காட்டும். செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. பேட்டரி சரி, ஆனாலும் இழுக்கிறது என்றால், ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் முனையிலும் மறு முனையை எஞ்சினின் பெயின்ட் இல்லாத உலோகத்திலும் வைத்து, இன்னொருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிள் துருப்பிடித்திருக்கிறது அல்லது தளர்ந்திருக்கிறது. செல்ஃப்பின் சுருளிலும் கேபிளிலும் இருக்கும் செம்புக் கம்பி ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் சுமார் 0.4 சதவீதம் கூடுதலாக மின்சாரத்தைத் தடுக்கும். காலையில் சமாளித்துவிடுகிற தேய்ந்த செல்ஃப், சூட்டில் படுத்துவிடுவது இதனால்தான்.

படி 3: சுற்றுகிறது, பிடிக்கவில்லை

முதல் சந்தேகம் கிராங்க் சென்சார் மேல். எஞ்சின் சுற்றுவதை ஈசியூவுக்கு (எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்) சொல்வது இதுதான்; இது வாய் திறக்காவிட்டால் ஸ்பார்க்கும் வராது, பெட்ரோலும் வராது. பல சென்சார்களில் முடி போன்ற கம்பிச்சுருள் இருக்கும். சூட்டில் விரிந்து தொடர்பு விட்டுப்போகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும்.

செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள்ளையே பாருங்கள். பல வண்டிகளில் அது லேசாகத் துள்ளும். உங்கள் வண்டியில் எப்படி என்பதை எஞ்சின் குளிர்ந்திருக்கும் ஒரு காலையில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அன்று துள்ளிய முள் இன்று அசையாமல் கிடந்தால் சந்தேகம் வலுக்கிறது. ஸ்கேனர் (ஈசியூ பதிவுசெய்வதைப் படிக்கும் கருவி) இருந்தால் செல்ஃப் சுற்றும்போது ஆர்பிஎம் பூஜ்யமாக இருக்கிறதா, கிராங்க் சென்சார் கோளாறைக் குறிக்கும் பி0335 கோடு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். கோடு விழாமலும் போகலாம், அதை நம்பிச் சென்சாருக்கு நற்சான்று கொடுத்துவிடாதீர்கள்.

உறுதிப்படுத்த ஒரு வழி: சாவியை எடுத்துவிட்டு, கைக்கு எட்டும் இடத்தில் சென்சார் இருந்தால் ஈரத்துணியை அதன்மேல் சில நிமிடம் வையுங்கள். சைலன்சர் குழாய் பக்கத்தில் இருந்தால் கை வைக்க வேண்டாம். துணியை எடுத்ததும் ஸ்டார்ட் ஆனால் திருடன் அகப்பட்டான். “சூடானா ஸ்டார்ட் ஆகல” என்பதைவிட, “செல்ஃப் நல்லா சுத்துது, முள் அசையல, ஈரத்துணி வெச்சா ஓடுது” என்று மெக்கானிக்கிடம் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

படி 4: பெட்ரோல் குறைவா, அதிகமா?

சாவியை ஆன் நிலைக்குத் திருப்பினால் பின்சீட் பக்கம் ஓரிரு நொடி ‘ம்ம்’ என்று பம்ப் ஓசை கேட்கும். ஆன், ஆஃப் என்று மூன்று முறை செய்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். இப்போது பிடித்தால், நிறுத்திய பிறகு பெட்ரோல் அழுத்தம் எங்கோ கசிந்து இறங்குகிறது.

மாறாகப் பெட்ரோல் வாடை தூக்கினால் எஞ்சின் நனைந்திருக்கிறது. ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்திக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் அப்போது பெட்ரோல் தெளிப்பது நின்று காற்று மட்டும் போகும். ஒரு தடவைக்குப் பத்து நொடிக்கு மேல் வேண்டாம், நடுவே செல்ஃப்பை ஆறவிடுங்கள். திக்கித்திணறிக் கரும்புகையோடு பிடித்தால் ஸ்கேனரில் கூலன்ட் சூட்டைப் பாருங்கள். 90 டிகிரி அளவில் இருக்க வேண்டிய இடத்தில் 20 என்று காட்டினால், குளிர்ந்த எஞ்சின் என்று நம்பி ஈசியூ பெட்ரோலை வாரி இறைக்கிறது. பங்க்கில் பெட்ரோல் போட்ட பிறகு மட்டும் இந்தத் தொல்லை என்றால் பர்ஜ் வால்வை (டேங்கின் பெட்ரோல் ஆவியை எஞ்சினுக்கு விடும் வால்வு) பார்க்கச் சொல்லுங்கள்.

டீசல் வண்டிக்காரர்கள் குளோ பிளக்கை (குளிர்ந்த எஞ்சினைச் சூடாக்கிக் கிளப்ப உதவுவது) மாற்ற ஓட வேண்டாம், சூடான எஞ்சினுக்கு அதன் தயவு தேவையில்லை. சூட்டில் இளகிய டீசல் தேய்ந்த இன்ஜெக்டர் வழியாகத் திரும்பிப் போய்விடுவதால், இன்ஜெக்டர்களுக்கு டீசல் கொடுக்கும் ரெயில் என்ற குழாயில் அழுத்தம் ஏறாமல் போகலாம். இப்படித் திரும்பிப் போகும் டீசலை அளக்கும் இன்ஜெக்டர் லீக்-ஆஃப் டெஸ்ட்டை ஒர்க்‌ஷாப்பில்தான் செய்ய வேண்டும். ஓடும் எஞ்சினில் ரெயில் குழாய்க்குள் அழுத்தம் 1000 பாருக்கு மேலும் போகும். ஸ்பானரோடு அந்தப் பக்கம் போகாதீர்கள்.