பேசினுக்கு அடியில துருப்பிடிச்ச பழைய டெப்ப கழட்டுறது எப்படி

நுவரெலியா, ஹட்டன் பக்கம் பழைய குவாட்டர்ஸ்ல பேசின் செவத்தோட ஒட்டியே இருக்கும், ஸ்பெனர சுத்த எடமே கெடையாது, அதுக்காக பலமா திருகுனா ஜீஐ பைப் (துத்தநாகம் பூசுன இரும்பு பைப்) செவத்துக்குள்ளயே ஒடஞ்சிரும், அப்புறம் செவத்த ஒடைக்கிற செலவு வேற. மொதல்ல தண்ணி வர்ற வால்வ மூடி, டெப்ப தொறந்து தண்ணிய வடிய விடுங்க. டெப்ப பேசினுக்கு அடியில இறுக்கிப் புடிச்சிருக்கிற நட்டுல டபிள்யூடி-40 (துருவ எளக்குற ஸ்ப்ரே) அடிச்சு ராத்திரி முழுக்க ஊறட்டும், நம்ம ஊரு ஈரத்துல துரு அவ்வளவு ஏறியிருக்கும். அடிச்ச எடத்துல நெருப்பு மட்டும் காட்டிறாதீங்க, பத்திக்கும்!

பேசின் ரெஞ்ச்னு கேட்டு வாங்குங்க, நீளமான தண்டு, நுனியில கவ்வுற வாய், கை நுழையாத எடத்துக்கு அதுதான் சரி. கீழருந்து பாக்குறப்ப கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமா சுத்தணும், பைப்ப இன்னொரு ரெஞ்சால அசையாம புடிச்சுக்கங்க. அப்பவும் வரலன்னா ஹெக்சோ (இரும்பு அறுக்குற வாள்) பிளேட்ட மட்டும் துணி சுத்திப் புடிச்சு, பேசின்ல படாம நட்ட அறுத்துருங்க.