பாயின்ட்டில் தடம் புரளும் மாடல் ரயில்: அரத்தை எடுக்கும் முன் சக்கரத்தை அளந்துவிடுங்கள்

நேர்ப்பாதையில் மணிக்கணக்கில் ஓடும் ரயில் பாயின்ட்டுக்கு, அதாவது ஒரு பாதை இரண்டாகப் பிரியும் இடத்துக்கு, வந்ததும் கவிழ்ந்தால், கை முதலில் தண்டவாளத்துக்குத்தான் போகும். நானும் இரண்டு வாரம் பாயின்ட்டையே சரிசெய்துகொண்டிருந்தேன். கோளாறு ஒரு சரக்கு வேகனின் ஒற்றை அச்சில் இருந்தது. கீழே உள்ள அளவுகள் எச்.ஓ. ரயிலுக்கு, அதாவது இரு தண்டவாளங்களுக்கும் இடையே 16.5 மி.மீ. உள்ள பாதைக்கு.

1. இடத்தைப் பிடியுங்கள்

இன்ஜினைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு வேகனை மட்டும் விரலால் மெல்லத் தள்ளுங்கள். கண் தண்டவாள மட்டத்தில் இருக்கட்டும். நேர்வழி, கிளைவழி இரண்டிலும், இரு திசையிலும் தள்ளிப் பாருங்கள். போனில் ஸ்லோ மோஷன் எடுத்தால் இன்னும் தெளிவு. எல்லா வண்டியும் ஒரே பாயின்ட்டில் புரண்டால் பாதையைப் பாருங்கள். ஒரே வண்டி எல்லா பாயின்ட்டிலும் புரண்டால் பாதையைத் தொடவே வேண்டாம்.

2. நாக்கின் நுனியில் ஏறினால்

நகரும் நாக்குத் தண்டவாளம் பக்கத் தண்டவாளத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். இடையில் தாள்கூட நுழையக் கூடாது. நுழைந்தால், இரண்டு நாக்கையும் இணைக்கும் பட்டைக்கு அடியில் ஜல்லித் துணுக்கு சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஊசியால் கிளறினால் வந்துவிடும். பிறகு நுனியை நோக்கி நகத்தை இழுத்துப் பாருங்கள். நகம் தட்டினால் சக்கர விளிம்பும் தட்டும். மெல்லிய ஊசி அரத்தால் இரண்டு மூன்று இழுப்பு போதும். தேய்த்த உலோகம் திரும்பாது என்பதால் இதைக் கடைசியில் செய்யச் சொல்வேன்.

3. ஃபிராகில் ஏறினால்

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். ஃபிராக் என்பது உள்பக்கத் தண்டவாளங்கள் இரண்டும் கூடும் வி வடிவ இடம். அதைத் தாண்டும்போது அங்கே போகும் சக்கரத்துக்குச் சிறிது தூரம் பக்கப்பிடி இருக்காது. எதிர்ப்பக்கத்தில் உள்ள காவல் தண்டவாளம்தான் மறுசக்கரத்தின் முதுகை, அதாவது உள்பக்க முகத்தைப் பிடித்து, அச்சு முழுவதையும் ஃபிராக் நுனியிலிருந்து விலக்கி வைக்கிறது. இரண்டு சக்கரங்களின் முதுகுக்கும் இடையிலான தூரம் கூடிப்போனால் இந்தப் பிடிப்பு பயன்படாது. விளிம்பு நேராக வி நுனியில் முட்டும். குறைந்துபோனால் சக்கரம் காவல் தண்டவாளத்தின் மேலேயே ஏறும்.

டிஜிட்டல் காலிப்பரால் அளந்தால் சுமார் 14.4 மி.மீ. வர வேண்டும். என்னுடைய அச்சில் 14.9 காட்டியது. சக்கரத்தை நேராக அழுத்தாதீர்கள், சாய்ந்துவிடும். இரு கையிலும் சக்கரங்களைப் பிடித்து, எதிரெதிராகத் திருகியபடியே சிறிது சிறிதாக நகர்த்துங்கள். நகர்த்திய பின் அச்சை உருட்டிப் பாருங்கள். சக்கரம் ஆடாமல் சுழல வேண்டும். எச்.ஓ.வுக்கான என்.எம்.ஆர்.ஏ. (மாடல் ரயில் அளவுகளை வகுக்கும் அமெரிக்கச் சங்கம்) அளவுத் தகடு ஒன்று கையில் இருந்தால் சக்கரம், ஃபிராக் இடைவெளி, காவல் தண்டவாளம் மூன்றையும் அதிலேயே சோதிக்கலாம். ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

4. மற்றவை

வண்டியின் இரு முனையிலும் அடியில் அச்சுகளைத் தாங்கித் திரும்பும் சட்டம்தான் போகி. ஒரு போகியின் திருகை எல்லாப் பக்கமும் அசையும்படி தளர்வாக விடுங்கள். மற்றதை, திரும்பும் ஆனால் பக்கவாட்டில் ஆடாது என்ற அளவுக்கு இறுக்குங்கள். வண்டிகளை இணைக்கும் கப்ளிங்கின் அடிக்கம்பி தண்டவாளத்தில் உரசுகிறதா என்றும் பாருங்கள். எடைக்கு என்.எம்.ஆர்.ஏ. பரிந்துரை 1 அவுன்ஸ், அதோடு நீளத்தில் அங்குலத்துக்கு அரை அவுன்ஸ். அப்படியானால் 6 அங்குல வேகன் 4 அவுன்ஸ், சுமார் 113 கிராம் இருக்க வேண்டும்.

பின்சேர்ப்பு: எல்லாம் சரிசெய்த பிறகும் பின்னோக்கித் தள்ளும்போது மட்டும் புரள்கிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். அடுத்தடுத்த இரண்டு பாயின்ட்கள் எதிரெதிர்ப் பக்கம் வளைகின்றனவா என்று பாருங்கள். அங்கே நீளமான வண்டியின் முனை பக்கத்து வண்டியை வெளியே தள்ளும். இரண்டுக்கும் நடுவே, உங்களிடம் உள்ள மிக நீளமான வண்டியின் நீளத்துக்காவது நேர்ப்பாதை போடுங்கள்.