காலி டிரம்மில் கட்டிங் வைக்கும் முன்

குறுவை அறுவடை நெருங்கினால் தஞ்சாவூர், மன்னார்குடிப் பக்கத்துப் வெல்டிங் பட்டறைகளுக்கு ஒழுகும் டிராக்டர் டீசல் டேங்க்கும், மாட்டுத்தொட்டிக்காக வெட்ட வேண்டிய 200 லிட்டர் டிரம்மும் வந்து சேரும். "காலிதான், நாலு நாளா திறந்தே கிடக்கு" என்பார்கள். ஆபத்தே அந்தக் காலி இடத்தில்தான். நிறைந்திருக்கும் டேங்க்கில் காற்றுக்கு இடம் குறைவு. காலி டேங்க்கில் ஆவியும் காற்றும் கலந்து நிற்கும்.

பெட்ரோல் ஆவி காற்றில் 1.4 சதவீதம் இருந்தாலே பற்றும். 200 லிட்டர் டிரம்முக்கு அது ஏறத்தாழ 3 லிட்டர் ஆவி. 15 மில்லி பெட்ரோல், அதாவது மூன்று தேக்கரண்டி போதும். காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமென்பதால் அடியிலேயே தங்கும். மூடியைத் திறந்து வைத்தால் போய்விடாது.

டீசலும் என்ஜின் ஆயிலும் பற்றாது என்று நம்புவது அதைவிட மோசம். ஆறியிருக்கும்போது ஆவி குறைவு, மோந்து பார்த்தாலும் தெரியாது. கேஸ் கட்டிங் டார்ச்சின் நெருப்பு பட்டுத் தகடு சூடேறியதும், அடித்தட்டும் உடலும் சேரும் மடிப்பில் ஒட்டியிருந்த எண்ணெய் ஆவியாகி அதே நெருப்பில் வெடிக்கும். கிரைண்டர் பொறியும் போதும். பாமாயில் டிரம்முக்கும் இதே கதை. பூச்சிமருந்து டிரம்மை வாங்கவே வாங்காதீர்கள்.

டேங்க்கை வண்டியிலிருந்து இறக்கி, மூடி, மிதவை, வடிகுழாய் எல்லாவற்றையும் கழற்றுங்கள். காஸ்டிக் சோடா கலந்த சுடுநீரால் நாலு பக்கமும் புரட்டிக் கழுவ வேண்டும். உள்ளே இருக்கும் தடுப்புத் தகடுகளுக்குப் பின்னால் டீசல் பதுங்கியிருக்கும். காஸ்டிக்கைத் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போடுங்கள், அதன்மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். கையுறை, கண்ணாடி கட்டாயம். அலுமினிய டேங்க்கில் காஸ்டிக் பட்டால் ஹைட்ரஜன் கிளம்பும், அதற்குச் சோப்புத்தூள்தான்.

ஆவியை விரட்ட ஆக்சிஜன் ஹோஸை உள்ளே விடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அது வெடிமருந்து நிரப்புவதற்குச் சமம். டிராக்டர் புகையை உள்ளே விடுவதும் பலிக்காது: டீசல் புகையில் ஆக்சிஜன் மிச்சமிருக்கும். தீயணைப்பு சிலிண்டரிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பீய்ச்சினால் நிலை மின்சாரம் உண்டாகி அதுவே பொறி வைக்கும்.

கழுவியதோடு முடியவில்லை, தண்ணீர் நிரப்புவதுதான் முக்கியமான வேலை. ஒழுகும் இடம் மேலே வரும்படி டேங்க்கைத் திருப்பி, அந்த இடத்துக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே வரை நிரப்புங்கள். நீராவி வெளியேற ஒரு துளை திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அழுத்தமே தகட்டைப் பிளந்துவிடும். தண்ணீர் சூட்டை இழுப்பதால் வெல்டில் ஊசித்துளை விழும். மட்டம் ஏறித் தகட்டைத் தொட்டால் ஒட்டவே ஒட்டாது. வெல்டைச் சிறு சிறு துண்டாகப் போடுங்கள். காலடித் தரை ஈரமாக இருந்தால் ஆர்க் வெல்டிங் வேண்டாம்.

டிரம்முக்கு வரிசை வேறு. நிறைந்தால் 200 கிலோவுக்கு மேல், அதனால் வெட்டும் இடத்திலேயே நிரப்புங்கள். நிமிர்த்தி வைத்து, மேல்தட்டை உள்விளிம்பை ஒட்டிக் கையால் அறுக்கும் டிரம் ஓப்பனரால் எடுத்துவிடுங்கள், நெருப்பு வேண்டாம். பிறகு உள்ளே துடைத்து, இடுப்பில் கோடு போட்டு, கோட்டுக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் விட்டால் அடிமடிப்பு நீருக்குள் இருக்கும், மேலே திறந்திருக்கும். அப்போது வெட்டலாம். ஒரு டிரம்மில் இரண்டு தொட்டி வேண்டுமென்று மேல்தட்டை விட்டு வைத்தால், மேல் பாதி மூடிய அறையாக நின்றுவிடும். ஒரு தொட்டி லாபத்துக்கு அது தகாது.

கழுவிய தண்ணீரை வாய்க்காலில் விடாதீர்கள். தேங்க விட்டு, மேலே மிதக்கும் எண்ணெயை அள்ளிப் பழைய ஆயிலோடு சேருங்கள். தரையில் சிந்தியதை உமி போட்டு உறிஞ்சி, மூடியுள்ள இரும்பு டின்னில் பொறி விழாத பக்கம் வையுங்கள்.